கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த மழை ஜாக்கெட்

காலை ஒன்பது பத்துக்குத் தொலைபேசி அடித்தது. நான் குசினியில் பாலைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். கந்த சஷ்டி விரதம். அந்த ஆறு நாளும் எனக்குப் பாலும் பழமும்தான். அழைத்தவர் என் மகளோடு வேட்டைக்குப் போகும் சுவிஸ் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். ஏரிக்கு மேலே மாடு வளர்ப்பவர். அன்று விடியும் முன்பே இருவரும் ஒன்றாக மலைக்குப் போயிருந்தார்கள்.

"மகள் வீட்டுக்கு வந்துவிட்டாளா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் அளவுக்கு மீறிச் சாதாரணமான குரலில் கேட்டார். நான் வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பவள். கெட்ட செய்தி கையில் இருக்கும் வைத்தியர்கள் கதவைத் திறந்தவுடன் முதலில் காலநிலையைப் பற்றித்தான் கதைப்பார்கள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

இல்லை, வரவில்லை என்றேன். மகள் விடியலிலிருந்து ஒன்பது மணி வரை புல்வெளி ஓரத்து வைக்கோல் குடிலடியில் மானுக்குக் காத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்களாம். அங்கே ஆள் இல்லை. குடிலைச் சுற்றிப் புல் மிதிபடவே இல்லை. வெடிச் சத்தமும் கேட்கவில்லை. கார் மட்டும் கீழே தரிப்பிடத்தில் நிற்கிறது. கைபேசிக்கு எடுத்தால் போகவில்லை. அதன் கடைசி அடையாளமும் அந்தக் கார் நிற்கும் இடத்தைத்தான் காட்டுகிறது.

யன்னலால் பார்த்தேன். இன்டர்லாக்கனில் சாதாரண மழை. எதிர்ப்பக்க மலை இடுப்புக்கு மேலே இல்லை. புகார்மூட்டம் மேல்பாதியை விழுங்கியிருந்தது.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பிள்ளையின் முகம் அல்ல. அவள் போட்டுக்கொண்டு போன ஜாக்கெட். எங்கள் வீட்டில் அதற்கு யாக்கே என்றுதான் பெயர். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிவிட்டது. அந்த யாக்கேயைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

மகள் காடு பற்றிப் படித்தவள். மலைச்சரிவில் நட்ட கன்றுகளைச் சிறு மான்கள் நுனி கடித்துவிட்டால் மரம் எழும்பாது, மரம் இல்லாவிட்டால் சரிவு நிற்காது என்று சாப்பாட்டு மேசையில் இருந்து எங்களுக்கு விளக்கம் சொல்லுவாள். அதற்குப் பிறகு வேட்டைச் சோதனை எடுத்தாள். துவக்கும் வீட்டுக்கு வந்தது. அது பூட்டிய பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனாலும் முதல் கிழமை என் கணவர் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. நாங்கள் இருவரும் துவக்குகளை வேறு விதமாகப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மகள் முதல் மானைக் கொண்டுவந்த நாளில்தான் சமாதானமானார். எங்கள் ஊர்த் தூள் போட்டு அவர் சமைத்த அந்தக் கறியைத் தின்றுவிட்டு, "இனி நீ கிழமைக்கு ஒண்டு சுடலாம்" என்று மகளிடம் சொன்னார்.

மகளின் பழைய மழை யாக்கே மலை ஏறுபவர்கள் போடும் வகை. நல்ல யாக்கே, ஒரு துளி உள்ளே வராது. ஆனால் கையை அசைத்தால் உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றைக் கசக்குவதுபோலச் சத்தம் போடும். "நான் துவக்கைத் தூக்க முதல் மான் அடுத்த மலையில நிக்குது அம்மா" என்பாள். அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து நகரமான தூனில் ஒரு வேட்டைக் கடைக்குப் போனோம். நான் ஏன் கூடப் போனேன் என்று கேட்டால், மழைக்கு என்ன போடுகிறாள் என்பதையாவது நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்பதில்லை.

கடைக்காரர் மூன்று யாக்கேகளை மேசையில் போட்டார். ஒன்று தடித்த கம்பளி. சத்தமே இல்லை, மழையையும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் நனைந்துவிட்டால் ஒரு ஆட்டைத் தோளில் சுமப்பதுபோல என்று அவரே சொன்னார். இரண்டாவது வழவழப்பானது. தண்ணீரைப் பொறுத்தவரை அதுதான் சிறந்தது, ஆனால் பேசும். மூன்றாவதன் வெளிப்பக்கம் பூனைக்குட்டியின் முதுகுபோல மெத்தென்று இருந்தது. தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய தாள்போன்ற ஒன்று உள்ளே வைத்துத் தைத்திருந்தது. வெளிப்பக்கம் நனைந்து பாரமாகும், காய நாளெடுக்கும், ஆனால் உடம்புக்கு ஈரம் போகாது என்றார்.

நான் அதைப் புறம் மாற்றித் தையல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு தையலுக்கும் மேலே பட்டி ஒட்டியிருந்தது. தோள்மூட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னேன். போத்தலில் இருந்து ஊற்றினார். சேம்பிலையில் நிற்பதுபோலத் துளிகள் உருண்டு நின்றன. மகள் வேறொன்றைப் பார்த்தாள். பொக்கற்றுக்கு ஒட்டுப்பட்டியா, பொத்தானா? பொத்தான். ஒட்டுப்பட்டியை ஒரு தரம் பிரித்தால் போதும், காடு முழுக்க எழும்பிவிடுமாம்.

"இப்ப கண்ணை மூடுங்கோ அம்மா" என்றாள்.

"ஏன்?"

"மூடுங்கோவன். நான் ஒவ்வொண்டாப் போட்டுக்கொண்டு நடக்கிறன். எங்க நிக்கிறன் எண்டு நீங்கள் சொல்லோணும்."

மூடினேன். முதலில் போட்ட வழவழப்பான யாக்கேக்கு, "கதவடியில, இப்ப சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில" என்று சரியாகச் சொன்னேன். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் எந்த விமானம் எந்தத் திசையில் திரும்புகிறது என்று பதுங்குகுழிக்குள் இருந்தே சொன்ன காது இது. அடுத்தது கம்பளி. பொத்தான்கள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டதில் பிடித்துவிட்டேன். பிறகு மூன்றாவது. காத்துக்கொண்டிருந்தேன். கடையின் குளிரூட்டி இரைந்தது. தெருவில் பஸ் ஒன்று போனது. என் பிள்ளையின் சத்தம் எந்தப் பக்கமும் இல்லை.

"இப்ப எங்க நிக்கிறன்?"

குரல் என் காதுக்குள் கேட்டது. பின்னால், ஒரு முழத் தூரத்தில். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார்.

"என்ர பிள்ளை எங்க நிக்கிறாள் எண்டு தெரியாமல் போறதுக்கோ நான் தூன் மட்டும் வந்தனான்?" என்றேன்.

"அதுதான் அம்மா எங்களுக்கு வேணும்."

அதைத்தான் எடுத்தோம். பச்சையும் மண்ணிறமும் கலந்தது. நான் விடாமல் தூரத்திலேயே கண்ணில் படும் ஒரு செம்மஞ்சள் வெஸ்டையும் எடுத்து மேலே வைத்தேன். கூட்டமாகப் போகும்போதுதான் அது தேவை, தனியே இருக்கும்போது அதுவும் சரசரக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு முதுகுப்பைக்குள் அடைத்தாள்.

புது யாக்கேயைப் போடுவதற்கான முதல் மழை வந்தது சஷ்டிக்குள். "விரதம் முடியட்டும் பிள்ளை, பிறகு போவன்" என்று கேட்டுப் பார்த்தேன். "மானுக்குச் சஷ்டி தெரியாது அம்மா. எனக்கு லீவு தாற ஆளுக்கும் தெரியாது" என்றாள். விரத நாளில் கொலைக்குப் போகிறாளே என்று எனக்குள் ஒரு பயம். எங்கள் வீட்டில் புது உடுப்பைச் சாமிப் படத்தடியில் வைத்து எடுத்துத்தான் போடுவோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் குளிக்கப் போன நேரம் யாக்கேயை எடுத்துச் சாமியறையில் வைத்தேன். வைத்ததோடு விட்டிருக்கலாம். தட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. உள்ளும் புறமும் நன்றாகக் காட்டினேன்.

குளித்துவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "அம்மா! இதென்ன மணம்?"

"சாம்பிராணி காட்டினனான். புது உடுப்பெல்லே."

"மான் மூக்காலதான் பாக்கும் அம்மா! நான் என்ன கோயிலுக்கோ போறன்?"

"போகேல்லை எண்டுதானே காட்டினனான்."

என் கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மான் வந்து கும்பிட்டிட்டு நிக்கும். நீ ஆறுதலாச் சுடலாம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. யாக்கேயை பல்கனியில் தொங்கவிட்டாள். அந்த ஈரக்காற்றில் எந்த மணம் போகும்? விடியற்காலையில் கழுத்துப் பட்டியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு. சரி, காத்தைப் பாத்து இருக்கிறன்" என்றாள். கதவை மூடிக்கொண்டு போனாள். படியில் இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்தேன். சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் செய்தவை எனக்கு ஒழுங்காக நினைவில்லை. அடுப்பை நிறுத்தினேன். ஹோட்டலின் பின்வாசலுக்கு ஓட்டினேன். கணவர் சமையலறைக் கட்டம் போட்ட காற்சட்டையோடு வந்து ஏறினார். கையில் ஒரு கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

மலைப் பாதையில் பொலிஸ் அழைத்தது. ஒரு பெண் நிதானமாகக் கேள்விகள் கேட்டார். வயது, உயரம், ஏதும் நோய் உண்டா. பிறகு, என்ன நிற உடுப்பு?

"பச்சையும் மண்ணிறமும்" என்றேன். சொல்லிக்கொண்டே கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். மலை முழுக்க அதே நிறம்தான்.

"என்னவாம்?" என்றார் கணவர். வேகமான சுவிஸ் ஜெர்மன் அவருக்குத் தொலைபேசியில் பிடிபடாது.

"உடுப்பின்ர நிறம் கேக்கினம்."

"ஒரேஞ்ச் எண்டு சொல்லும். வெஸ்ட் இருக்கெல்லே?"

"அது பைக்குள்ள."

அவர் மடியில் இருந்த கரண்டியைக் கால்மாட்டில் போட்டார்.

தரிப்பிடத்தில் மகளின் சிறிய கார் நின்றது. பின்னிருக்கையில் பாதி கடித்த அப்பிள் ஒன்று கிடந்தது. கிராமத்து மீட்புக்குழுவினர் வந்துவிட்டார்கள். ஹெலி பள்ளத்தாக்கில் நிற்கிறது, இந்தப் புகாருக்குள் ஏற முடியாது என்றார்கள். குடிலுக்கு மேலே உள்ள காட்டில் அவர்களில் பலர் ஏற்கனவே தேடிக்கொண்டிருந்தார்கள். காலையில் அழைத்த வேட்டைத் தோழி தன் நாயோடு இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. நாயை விட்டுப் பார்த்தாராம், குடிலைச் சுற்றி அது ஒன்றையும் பிடிக்கவில்லை. மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது.

குழுவின் தலைவர் அவரோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். நான் பக்கத்தில் நிற்பதும், எனக்கு அந்த மொழி விளங்குவதும் அவருக்குத் தெரியாது. விழுந்து கிடந்தால், உடுப்பு நனைந்திருந்தால், இந்தக் குளிரில் நமக்கு அதிக நேரம் இல்லை. அந்தக் காட்டில் கொஞ்சம் மேலே போனால் செங்குத்துப் பாறை. முதலில் அதன் அடியைத்தான் பார்க்க வேண்டும்.

"என்னவாம்?"

"தேடிக்கொண்டிருக்கினமாம்."

கணவர் என்னைப் பார்த்தார். "அந்த மனுசன் அவ்வளவு நீளமாச் சொன்னவர். நீர் இவ்வளவுதான் சொல்லுறீர்."

என் வேலையில் ஒரு வசனத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. புற்றுநோய் என்றால் புற்றுநோய் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடங்களில் நான் மாற்றிச் சொன்ன முதல் வசனம் அது.

பாறையடிக்குப் போக அவர்கள் கயிறுகளை எடுத்தார்கள். அப்போதுதான் காலையில் அவள் கதவடியில் சொன்னது எனக்குள் திரும்பக் கேட்டது. காத்தைப் பாத்து இருக்கிறன். அவள் குடிலடிக்குப் போகவே இல்லை. புல் மிதிபடாமல் இருந்ததே. எங்கே இருப்பது என்பதை அந்த மணம்தான் தீர்மானித்திருக்கும்.

இதைச் சொல்ல வேண்டும். மழைச்சட்டைக்குச் சாம்பிராணி காட்டினேன் என்று இந்த மனிதர்களிடம் எப்படிச் சொல்வது? எத்தனையோ பேருடைய வெட்கத்தை மொழிபெயர்த்திருக்கிறேன். என்னுடையதற்குச் சொல் கிடைக்கவில்லை. மாதா கோயிலில் புகை காட்டுவார்களே, அதற்கு அவர்கள் சொல்லும் பெயரைச் சொன்னேன். மகளின் புது ஜாக்கெட் முழுக்க அந்த மணம், நேற்று நான்தான் பிடித்தேன், எங்கள் வழக்கம் என்றேன்.

தலைவர் விளங்காமல் பார்த்தார். வேட்டைத் தோழிக்கு விளங்கியது.

"எவ்வளவு மணம்?"

"கதவடியிலேயே தெரிந்தது. காற்றைப் பார்த்து இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை மழைக்குத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி, ஆனால் எங்களுக்கல்ல, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். காலையில் காற்று மேற்கிலிருந்து வந்தது. குடிலடியில் இருந்திருந்தால் மணம் நேரே மான்கள் வெளியே வரும் காட்டுக்குள் போயிருக்கும். அந்த யாக்கேயோடு அவள் அங்கே இருந்திருக்கவே மாட்டாள். ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் போயிருப்பாள். நாங்கள் இவ்வளவு நேரமும் தேடியது முழுக்க இந்தப் பக்கம்.

தலைவர் கையடக்க வானொலியில் நாலு வார்த்தை சொன்னார். மேலே இருந்தவர்கள் திரும்பினார்கள். தோழி நாயை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் புகாருக்குள் போனார். யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் இருவரும் வானொலி வைத்திருந்த ஓர் இளைஞரோடு தரிப்பிடத்தில் நின்றோம். தூரத்தில் அவள் பெயரைக் கூப்பிடும் குரல்கள் கேட்டன. ஒரு சுவிஸ்காரர் கூப்பிடும்போது அந்தத் தமிழ்ப் பெயர் வேறு யாருடையதோ போல இருந்தது. சிறிது நேரத்தில் வானொலியில் தலைவரின் குரல் வந்தது. எல்லோரும் நில்லுங்கள். அசையாதீர்கள். ஒரு நிமிடம் காது கொடுங்கள்.

நானும் நின்றேன். ஆனால் என் மழைச்சட்டை நிற்கவில்லை. பஸ்சுக்குக் காத்து நிற்கும்போது போடும் மலிவான சட்டை. மூச்சு விட்டாலே சரசரத்தது. தலையை மூடியிருந்த பகுதியில் மழை விழுந்து விழுந்து பறையடிப்பதுபோல இருந்தது. அதற்குள் இருந்துகொண்டு நான் எதைக் கேட்பது? பொத்தான்களைப் பிடுங்கிக் கழற்றிக் கீழே போட்டேன்.

"என்ன செய்யிறீர்? நனையிறீர்!"

"கதையாதேங்கோப்பா!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன்னுடைய யாக்கேயையும் கழற்றி கார் மீது போட்டுவிட்டு, அந்தக் கட்டம் போட்ட காற்சட்டையோடு பக்கத்தில் வந்து நின்றார். அந்த இளைஞர் எங்களைத் தடுக்கவில்லை. தன் தலைமூடியை மட்டும் பின்னால் தள்ளிவிட்டார்.

கண்ணை மூடினேன். கடையில் மூடியதுபோலத்தான். ஓடை இரைந்தது. ஏதோ மரத்திலிருந்து தண்ணீர் பெரிய பெரிய துளிகளாக விழுந்தது. ஒரு காகம் கரைந்தது. கணவரின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது கேட்டது. பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று சொல்லவேண்டும். இந்தக் கதையைச் சொல்லும்போது, அப்போது எனக்கு அவளின் சத்தம் கேட்டிருக்கும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். கேட்கவில்லை. அந்த யாக்கே அப்படித்தான். நான்தான் தேர்ந்தெடுத்தேன். இப்போதும் வீட்டில் தனியே இருக்கும்போது சில நேரம் அந்த வெறுமையான நிமிடம் திரும்ப வந்து காதில் உட்கார்ந்துகொள்கிறது.

பிறகு நாய் குரைத்தது. இடதுபக்கமாக, ஓடைக்கு அப்பால், நாங்கள் நினைத்ததைவிடக் கீழே. நிறுத்திவிட்டுத் திரும்பவும் குரைத்தது. மனிதக் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வானொலி இரைந்தது.

"என்னவாம்? என்னவாம் சொல்லும்!"

இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன். கண்டுபிடித்துவிட்டார்கள். நினைவோடு இருக்கிறாள். கதைக்கிறாள். ஓடையைத் தாண்டும்போது ஈர வேரில் சறுக்கி, கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டியிருக்கிறது. கணுக்கால் முறிந்திருக்கலாம். கைபேசி தண்ணீருக்குள், துவக்கு கைக்கெட்டாத தூரத்தில். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைத்துவிட்டது, ஓடைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடும் குளிர், ஆனால் சட்டைக்கு உள்ளே ஈரம் போகவில்லை.

கணவர் அப்படியே மகளின் காரில் சாய்ந்து, கூரையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அவர்கள் இறங்கி வர நெடுநேரம் எடுத்தது. முதலில் நாய் வந்தது. பிறகு தோழி, மகளின் துவக்கையும் தன்னுடையதோடு தோளில் சுமந்துகொண்டு. அதன் பின் நாலு பேர் தூக்கிய படுக்கை. புகாருக்குள் நான் முதலில் கண்டது ஒரு செம்மஞ்சள் புள்ளியைத்தான். வெஸ்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே புது யாக்கே தண்ணீர் குடித்துக் கறுத்து, நனைந்த போர்வைபோலத் தொங்கியது. ஓடிப்போய்க் குனிந்தேன். ஈரம், சேறு, நாய் மணம் எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பிராணி இன்னும் இருந்தது.

மகள் உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தலைமயிர் முகத்தில் ஒட்டி, சட்டை உடம்போடு ஒட்டி, நான் நின்ற கோலத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். அடைத்த தொண்டையால் சொன்னாள்:

"அம்மா, உங்கட யாக்கே எங்க? இந்த மழைக்குள்ள ஆராவது இப்பிடி வந்து நிப்பினமோ?"